கணித ஆசிரியரைக் கேட்பதும் தொழிற்சங்கக் கோரிக்கைதான்



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் தோட்டத்து லயங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதல்ல. "கணக்கு கிடைச்சிருச்சா?" என்பதுதான். தமிழும் சமயமும் வரலாறும் நன்றாகச் செய்த பிள்ளை, கணிதத்தில் 35 புள்ளி எடுக்காததால் தலைகுனிந்து நிற்பதை எல்லாத் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றாவது திறமைச் சித்தியாக இருக்க வேண்டும் என்பது வழமையான விதி. பல அரச தொழில்களுக்கான விண்ணப்பத்திலும் கணிதச் சித்தி கேட்கப்படுகிறது. ஆகவே ஒரு பாடம் தவறினால் போவது ஒரு பாடம் மட்டுமல்ல. பதினாறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் கொழும்புக் கடையும் ஆடைத் தொழிற்சாலையும் மறுபடி கொழுந்து மலையும்தான் மிஞ்சுகின்றன.

இதற்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, "நம்ம புள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது." மற்றது, "வாத்தியார் ஒழுங்காப் படிச்சுக் குடுக்கல." இரண்டும் சரியல்ல என்பதே இத்தலையங்கத்தின் கருத்து. நாடு முழுவதிலும் பத்துப் பேருக்கு மூன்று பேர் அளவில் கணிதத்தில் தவறுகிறார்கள். ஆகவே இது மலையகத்துப் பிள்ளையின் மூளைக் குறைபாடல்ல. ஆனால் நாட்டுக்கே உள்ள நோய் நம் தோட்டப் பாடசாலையில் ஏன் இன்னும் கடுமையாக இருக்கிறது என்பதை அறிய, வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்.

முதலில், கணிதம் கற்பிப்பவர் யார்? தரம் 11 வரை உள்ள நம் சிறிய பாடசாலைகள் பலவற்றில் கணிதத்துக்கென்று பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை. ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்றவரோ, தமிழோ சமூகக்கல்வியோ படித்தவரோ, அதிபர் கேட்டுக்கொண்டதற்காகக் கணிதப் பாடவேளையை எடுக்கிறார். முதல்நாள் இரவு தானே படித்து, மறுநாள் காலை கற்பிக்கிறார். செய்முறையை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்க அவரால் முடியும். ஆனால் "ஏன் டீச்சர் இப்படி வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்வது சிரமம். தனக்கு உரியதல்லாத சுமையை ஏற்றுக்கொண்ட அந்த ஆசிரியரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் எடுக்காவிட்டால் அந்தப் பாடவேளை வெறுமையாகத்தான் போகும்.

இரண்டாவது, பிள்ளைகள் எந்த நிலையில் வகுப்புக்கு வருகிறார்கள்? ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு பீப்பாயின் மூன்றில் இரண்டு பங்கில் 8 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. முழுப் பீப்பாயில் எவ்வளவு பிடிக்கும்? இரண்டு பங்கு 8 என்றால் ஒரு பங்கு 4, மூன்று பங்கு 12. மேல் வகுப்பில் இதையே சமன்பாடாக எழுதித் தீர்க்கச் சொல்வார்கள். பிள்ளை தடுக்கி விழுவது சமன்பாட்டில் அல்ல. மூன்றில் ஒன்று என்றால் என்ன, எட்டை இரண்டால் வகுத்தால் எத்தனை என்ற இடத்திலேயே விழுகிறது. அது நான்காம் ஐந்தாம் தரத்துப் பாடம். தரம் 10 ஆசிரியர் கையில் இருப்பதோ தரம் 10 புத்தகம். பின்னம் தெரியாத பிள்ளைக்கு அட்சரகணிதம் சொல்லவேண்டும். பெருக்கல் வாய்பாடு தெரியாத பிள்ளைக்குக் கூட்டு வட்டி சொல்லவேண்டும். பின்னோக்கிப் போய் அடிப்படையைச் சொன்னால் பாடத்திட்டம் முடியாது. முடித்தால் பாதி வகுப்புக்கு விளங்காது. பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்.

இந்த இடைவெளியைக் கொரோனாக் காலம் இன்னும் அகலமாக்கியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைத்தொலைபேசிக்குப் போனது. லயத்தில் ஒரு போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இருந்தாலும் சிக்னல் தேடி மலை ஏற வேண்டும், டேட்டாவுக்குக் காசு வேண்டும். பிறகு 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலை நின்றது. அன்று நான்காம் ஐந்தாம் தரத்தில், பின்னமும் நெடும் வகுத்தலும் படிக்கவேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள்தான் பிறகு சாதாரண தர வகுப்புகளுக்கு வந்தார்கள். தமிழில் விட்டுப்போன ஒரு பாடத்தைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம். கணிதம் அப்படியல்ல. கீழ்ப்படி இல்லாத ஏணியில் மேலே ஏற முடியாது.

மூன்றாவது, பாடப்புத்தகத்தின் மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வேறு, கணிதப் புத்தகத்தின் தமிழ் வேறு. "தொடை" என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் வகுப்பே சிரிக்கும். அது பொருள்களின் ஒரு கூட்டத்தைக் குறிக்கும் சொல் என்று விளக்கவே பாதிப் பாடவேளை போய்விடும். கோவை, மாறி, நாண், ஆரை, பரிதி என்று ஒவ்வொன்றையும் முதலில் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றவேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர் இதற்குத் தோட்டத்து உதாரணங்களைத் தேடுகிறார். பரப்பளவுக்கு லயக்காம்பராவை எடுக்கிறார்: பத்தடி நீளம், பன்னிரண்டடி அகலம், 120 சதுர அடி. பின்னத்துக்கு அரைப்பேரை எடுக்கிறார். காணி அளவைக்கு நாம் கேட்டுப் போராடிய 7 பேர்ச்சை எடுக்கிறார்: ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏழு பேர்ச் 1,905.75 சதுர அடி. அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு உடனே பிடிபடுகிறது. ஆனால் அப்படிச் சொல்லத் தெரிந்தவர் நம் வாழ்க்கையை அறிந்தவராகவும் கணிதத்தை ஆழமாக அறிந்தவராகவும் இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

நான்காவது, இழந்துபோகும் நாட்கள். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. தென்மேல் பருவமழை தொடங்கினால் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தில் ஆசிரியரின் குரல் பின்வாங்குக்குக் கேட்காது. மேல் டிவிஷனிலிருந்து கால்நடையாக வரும் பிள்ளை நனைந்து வருகிறது, அல்லது வருவதே இல்லை. காலையில் அம்மாவும் அப்பாவும் பிரட்டுக்குப் போய்விட்டால் தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது எல்லாம் மூத்த பெண்பிள்ளையின் தலையில். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்குக் கணிதத்தில் இரண்டு நாள் மட்டும் போவதில்லை. மூன்றாம் நாள் பாடமும் விளங்காமல் போகிறது. ஆசிரியர் அந்தப் பிள்ளைக்காகத் திரும்பச் சொன்னால் வந்த பிள்ளைகளின் நேரம் போகிறது.

ஐந்தாவது, ஆசிரியரின் சொந்த நிலைமை. கணிதப் பட்டம் பெற்ற தமிழ்மொழி மூல ஆசிரியர்களில் பலர் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இங்கே நியமனம் பெற்று வந்தாலும் தங்க ஒழுங்கான விடுதி இல்லை. தோட்டத்துப் பாதையில் பஸ் இல்லை. முச்சக்கரவண்டிக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி போகிறது. குடும்பம் ஊரில். சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். அது மனித இயல்பு. ஆனால் அவர் போன இடத்துக்கு அடுத்தவர் வரும்வரை ஒரு தவணை, சில வேளை ஒரு வருடமே போய்விடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியர்களை வருவிக்கும் யோசனையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பேசப்பட்டு, எதிர்ப்புக்கும் உள்ளாகியிருக்கிறது. வெளியிலிருந்து யார் வந்தாலும் அது சில வருட ஆறுதல்தான். நிரந்தரமாக இங்கே நிற்கப்போவது இங்கே பிறந்த ஆசிரியர்.

அவர் ஏன் போதிய அளவில் உருவாகவில்லை? இங்கேதான் பெரிய முடிச்சு இருக்கிறது. கணித ஆசிரியர் ஆவதற்குப் பெரும்பாலும் உயர்தரத்தில் கணிதம் படித்திருக்க வேண்டும். உயர்தரக் கணிதப் பிரிவு இருப்பதோ ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சில பெரிய பாடசாலைகளில்தான். தூரத் தோட்டத்துப் பிள்ளை அங்கே போக பஸ் காசும் டியூஷன் காசும் வேண்டும். அதற்கு முன் சாதாரண தரத்தில் நல்ல சித்தி வேண்டும். அந்தச் சித்திக்கு நல்ல கணித ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இல்லாததால் சித்தி இல்லை. சித்தி இல்லாததால் கணிதப் பிரிவில் நம் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததால் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் இல்லை. இந்தச் செக்கை நாம் பல பத்தாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

இது தானாக வந்த நிலைமையல்ல. 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டத்துப் பிள்ளை அதன் வாசலுக்கு வெளியேதான் நின்றது. தோட்ட நிர்வாகம் நடத்திய லயப் பாடசாலையில் எழுத்தும் எண்ணும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தாலே பெரிது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்றது 1977 க்குப் பிறகுதான். எண்பதுகளில் சுவீடனின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் நியமனங்களும் வந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் தன் பங்கைச் செய்தது. 2014-15 காலப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்களை நியமிக்கும் திட்டம் வந்தது. நம் லயங்களிலிருந்து உயர்தரம் முடித்த இளைஞர்களும் யுவதிகளும் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவுக்கு வகுப்பறைக்குள் போனார்கள். அது பின்னர் 10,000 ஆனது. அந்தப் பணத்தில் பஸ் காசும் கொடுத்து, படிப்பையும் தொடர்ந்து, பிள்ளைகளுக்கும் கற்பித்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த முயற்சிகளால் ஆசிரியர் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் பாடத்தைப் பார்க்கவில்லை. பாடசாலைக்கு ஆசிரியர் வந்தார், கணிதத்துக்கு வரவில்லை.

"இது கல்வித் திணைக்களத்தின் வேலை, சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும்" என்று சிலர் சொல்லலாம். சம்பளத்தையே பார்ப்போம். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் 25 பேர் விழுந்த தாயின் கணக்கு இது: மொத்தம் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் பிடிப்பது 8 சதவீதம், 2,700 ரூபாய். கம்பனி தன் பக்கத்திலிருந்து போடவேண்டியது 12 சதவீதம், 4,050 ரூபாய். இரண்டும் சேர்ந்து 6,750. அதாவது சம்பளத்தில் ஐந்தில் ஒன்று. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி போடவேண்டிய 3 சதவீதம், 1,012 ரூபாய் 50 சதம். அந்த மாதத்தில் நான்கு நாள் அரைப்பேர் போட்டிருந்தால் இழப்பு இரண்டு நாட்சம்பளம், 2,700 ரூபாய். சம்பளச் சீட்டைக் கையில் வைத்து இதைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், செக்ரோலில் நடக்கும் தவறு அடுத்த மாதத்துக்குத் தப்பாது.

நம் முன்னோரைத் துண்டு முறை கட்டிவைத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். எவ்வளவு கடன், எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு மிச்சம் என்பது கங்காணியின் கொப்பியில் மட்டும் இருந்தது. துண்டு 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கணக்கு ஒருவர் கையிலும் உழைப்பு இன்னொருவர் கையிலும் இருக்கும் நிலைமை இன்னும் முழுதாக ஒழியவில்லை. இன்றைய மேல் வகுப்புக் கணிதத்தில் பங்குச் சந்தையும் ஒரு பாடம். 1992 இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் பலவற்றின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. அந்தப் பாடம் விளங்கிய பிள்ளை, கம்பனியின் வருடாந்த அறிக்கையைப் படித்து, "நட்டம், நட்டம்" என்று சம்பளப் பேச்சில் சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்க்கும். நாளைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நமக்காக உட்கார அப்படிப்பட்டவர்கள் தேவை.

ஆகவே கணித ஆசிரியரைக் கேட்பது தொழிற்சங்கக் கோரிக்கைதான். அதைத் தெளிவாக வைப்போம்.

அரசிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் நாம் கேட்பவை:

முதலாவது, தரம் 6 முதல் 11 வரை வகுப்பு நடக்கும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் கணிதத்துக்கென்று பயிற்றப்பட்ட ஓர் ஆசிரியராவது வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கை சரி என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒருவர் இடமாற்றம் பெற்றால் பதிலாள் வந்த பின்பே விடுவிக்க வேண்டும்.

இரண்டாவது, வேறு பாடத்துக்குப் பயிற்சி பெற்று இப்போது கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் தொடர்ச்சியான பயிற்சி வேண்டும். வருடத்துக்கு ஒருநாள் செயலமர்வு போதாது. ஹட்டன் வலயத்தில் அனுபவமுள்ள கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து அடுத்த மாதப் பாடத்தைத் திட்டமிடும் ஏற்பாடாவது செய்யலாம்.

மூன்றாவது, தரம் 6 க்கு வரும் பிள்ளையின் அடிப்படையைச் சோதித்து, விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுக்க நேரசூசியிலேயே இடம் வேண்டும். தரம் 11 இல் மூன்று மாத விசேட வகுப்பு வைப்பதைவிட இது பலன் தரும்.

நான்காவது, கல்வியியற் கல்லூரிகளின் கணித நெறிக்கு மலையகப் பிள்ளைகள் போவதற்கு வழி திறக்க வேண்டும். முடித்து வருபவர்களுக்கு இங்கேயே நியமனம் வேண்டும்.

கம்பனிகளிடம் கேட்பது பெரிதல்ல. வெறுமையாகக் கிடக்கும் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் பல தோட்டங்களில் உண்டு. தூரத்திலிருந்து வரும் ஆசிரியருக்கு அதில் ஒன்றைத் திருத்திக் கொடுக்கலாம்.

இனி நம் பங்கு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாப் பிரசைக்கும் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்பட்டும்: எங்கள் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை பேர்? இப்போது இருப்பவர் எத்தனை பேர்? அவர்கள் எந்தப் பாடத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள்? 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லவேண்டும் என்பது சட்டம். பதில் கையில் இருந்தால் நம் கோரிக்கைக்குப் பலம் கூடும்.

தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போகவேண்டும். கூட்டத்தில் கட்டடமும் விளையாட்டுப் போட்டியும் மட்டும் பேசிவிட்டு வரக்கூடாது. கணிதப் பாடவேளை ஒழுங்காக நடக்கிறதா, எத்தனை பாடவேளை வெறுமையாகப் போனது என்று கேட்கவேண்டும். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் குரலில் அல்ல, "உங்களுக்கு என்ன குறை, சங்கம் என்ன செய்யலாம் சேர்?" என்று.

பக்கத்துத் தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2021 இல் "இல்லம் தேடிக் கல்வி" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊரிலுள்ள படித்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், தன்னார்வலர்களாக மாலையில் ஒன்றரை மணி நேரம் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே அரசு பின்னால் நின்றது. இங்கே நாம் தொடங்கலாம். உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேறுக்கோ வேலைக்கோ காத்திருக்கும் பிள்ளைகள் பல டிவிஷன்களில் இருக்கிறார்கள். வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ வாரம் மூன்று மாலை, வாய்பாடும் பின்னமும் வகுத்தலும் சதவீதமும் சொல்லிக்கொடுத்தால் போதும். தரம் பார்த்து உட்காரவைக்காமல், தெரிந்த அளவைப் பார்த்து உட்காரவைக்கவேண்டும். தரம் 9 பிள்ளைக்கு வகுத்தல் தெரியாவிட்டால் அது வகுத்தல் குழுவில் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூட ஆசிரியரைக் கேட்டு அவர் சொல்லும் ஒழுங்கில் நடத்தினால் அவருடைய சுமையும் குறையும்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். "எனக்கும் கணக்கு வராது, அவளுக்கும் வராது" என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, எத்தனை கழிவு, எத்தனை பேர் என்று மனதிலேயே வைத்துக்கொண்டு, தராசில் ஒரு கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கும் நீங்கள் கணக்கு வராதவர்களா? சம்பளச் சீட்டு வந்தால் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். மழைநாளானாலும் கூடியவரை பாடசாலைக்கு அனுப்புங்கள். மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தவேண்டி வந்தால், அன்றைக்குப் பிள்ளை மடுவத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். பிள்ளை மடுவம் ஒழுங்காக நடக்காவிட்டால் தலைவரிடம் சொல்லுங்கள், அதுவும் சங்கத்தின் வேலைதான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சம்பளம், வீடு, காணி ஆகியவற்றோடு நான்காவதாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர். மூன்று கேள்விகளுக்கும் வரும் பதிலைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை வெற்றிடம் என்று சேர்த்துக் கணக்கிட்டு, அந்தப் பட்டியலோடு வலயத்துக்கும் மாகாணத்துக்கும் நாம் போவோம்.